இறால் பெட்டிக்குள் வைத்த ஷொக்

பாரிஸ் லா சப்பலில் நான் வேலை செய்கிற பலசரக்குக் கடையின் மீன் ஐஸ்பெட்டிக்குள், இறால் பைகளுக்கும் அறக்குளா மீன் துண்டுகளுக்கும் நடுவே, ஒருமுறை ஒரு பனி ஸ்கூட்டரின் ஷொக் அப்சோபர் படுத்திருந்தது. அதை அங்கே வைத்தது நான்தான். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் சொல்லத் தொடங்குவேன், ஆனால் பாதிக்கு மேல் சிரிப்பு வராது. அந்தக் குளிர்காலம் முழுக்கப் பயத்தோடு எழும்பி, பயத்தோடு கடை திறந்து, பயத்தோடு படுத்தவள் நான்.

என் மனுசன் மன்னார்க் கடற்கரையில் பிறந்தவர். மலை என்ற ஒன்றைக் கிட்டத்தில் கண்டதே பிரான்சுக்கு வந்த பிறகுதான். பாரிஸ் உணவகங்களின் நிலக்கீழ் அறைகளில் கோப்பை கழுவி, பிறகு மரக்கறி வெட்டி, பிறகு அடுப்பு வரைக்கும் ஏறி வந்தார். எந்த அடுப்புக்குப் பக்கத்திலும் ஜன்னல் இருக்கவில்லை. யாரோ தெரிந்தவர் சொல்லி, அல்ப்ஸ் மலையில் ஒரு உணவகத்துக்குக் குளிர்காலச் சமையல்காரராகப் போனார். அங்கே அடுப்புக்கு நேரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே மலை. மனுசன் மயங்கிப்போனார். அதிலிருந்து ஒவ்வொரு மார்கழியும் பெட்டி கட்டுவார். சித்திரையில் திரும்பி வரும்போது முகம் கறுத்து, கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெளுத்திருக்கும்.

"கடலிலை பிறந்த மனுசனுக்கு மலையிலை என்ன வேலை?" என்று நான் கேட்பேன்.

"இஞ்சரும், அதுவும் தண்ணிதானே. உறைஞ்சு கிடக்கு, அவ்வளவுதான்" என்பார்.

அந்த உணவகம் மலையில் பாதி உயரத்தில் இருக்கிறது. கோடையில் லொறி போகும். பனி விழுந்தால் பாதை மூடிவிடும். உருளைக்கிழங்கு, பால், இறைச்சி, காஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் கீழேயிருந்து பனி ஸ்கூட்டரில்தான் ஏற்றிவர வேண்டும். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் சுற்றுகிற ரப்பர் பட்டி, மேலே மோட்டார் சைக்கிள் போல ஒரு இருக்கை. அதன் வாலில் சாமான் வண்டியைக் கொழுவுவார்கள். முதல் வருஷம் வேறொருவர் ஓட்டினார், அடுத்த வருஷம் அவர் வரவில்லை, வேலை இவர் தலையில் வந்தது. சந்தோஷமாகத்தான் எடுத்தார். ஒருநாள் நெஞ்சில் கமராவைக் கட்டி, காலைப் பயணத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். ஸ்கூட்டர் நிற்கிற உணவகக் கொட்டகையிலிருந்து பாதை கொஞ்சம் ஏறி, ஒரு வளைவில் திரும்பி, பிறகு காட்டுக்குள் இறங்குகிறது. வளைவின் ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் ஒன்றுமே இல்லை.

"வடிவா இருக்கெல்லோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். கம்பி வேலி இல்லை என்பதைத் தவிர அந்தப் படத்தில் எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

இதோடு முதுகு வேறு. இலையுதிர் காலத்தில் பாரிஸ் டொக்டர் முதுகின் ஸ்கான் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடுப்புக்கு மேலே முள்ளந்தண்டுத் தட்டு ஒன்று பிதுங்கி நிற்கிறது, இன்னொரு பெரிய குலுக்கு விழுந்தால் நரம்பை நெரிக்கும், அதன் பிறகு கால் வருமோ வராதோ சொல்ல முடியாது என்றார். இவர் பள்ளிக்கூடப் பிள்ளை போல எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆட்டிவிட்டு மார்கழியில் பெட்டியைக் கட்டினார். இடது கால் பெருவிரல் விறைத்திருந்ததை எனக்குத் தெரியாமல் வைத்திருக்க, சுவரைப் பிடிக்காமல் சப்பாத்துப் போடப் பழகியிருந்தார். எனக்குத் தெரியும். தெரிந்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. "வேலையை விடுங்கோ" என்று சொன்னால் அந்த ஜன்னலைப் பிடுங்கியதாக ஆகிவிடும் என்று பேசாமல் இருந்தேன்.

அந்த முறை போய்ச் சேர்ந்த கிழமையே ஸ்கூட்டரின் அடியை வீடியோவில் காட்டினார். இருக்கைக்குக் கீழே, பட்டியின் நடுவில் முன்னும் பின்னுமாக இரண்டு ஷொக். இரண்டிலும் எண்ணெய் வழிந்து ஊத்தை பிடித்திருந்தது. ஷொக் செத்துவிட்டால் மேடும் பள்ளமும் நேரே முள்ளந்தண்டுக்குத்தான் ஏறும் என்று அவரே சொன்னார். உணவகத்துக்காரர் சீசன் முடியட்டும் பார்ப்போம் என்றாராம். சீசன் முடிய என் மனுசனும் முடிந்துவிடுவார் என்று நான் அன்றே அண்ணையிடம் போனேன்.

என் சொந்த அண்ணை பாரிஸுக்குப் பக்கத்து ஒபர்வில்லியேயில் ஸ்கூட்டர் திருத்துகிறவர். சாப்பாடு கொண்டு ஓடுகிற பெடியள் எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள். கற்கள் பதித்த தெருவில் ஓடி இடுப்பு நாரி முறிந்து வருகிறவனின் வண்டியை, வேறு மொடல் ஷொக் ஒன்றைப் போட்டு மிருதுவாக்கி அனுப்புவார். இருக்கையில் உள்ளங்கையை வைத்து அமத்தி, கண்ணை மூடிக்கொண்டு, அது எழும்பி வருவதைக் கவனிப்பார். கறிக்கு உப்புப் பார்ப்பது போல ஒரு முகம் வைத்திருப்பார். பனி ஸ்கூட்டரை அவர் வாழ்நாளில் தொட்டதில்லை. அதைச் சொன்னால் கோபம் வரும்.

"ஷொக் எண்டால் ஷொக்தான் பிள்ளை. உள்ளுக்கை எண்ணெய், வெளியிலை ஸ்பிரிங். பனியிலை ஓடினா என்ன, மணலிலை ஓடினா என்ன?"

அதே கொம்பனியின் வேறு மொடல் ஒன்று இருக்கிறது, இளம் பெடியள் பாய்ந்து விளையாடுகிற வகை. நொறுங்கிப்போன ஒன்றிலிருந்து கழற்றிய ஷொக் இரண்டை அண்ணை இணையத்தில் கண்டுபிடித்தார். நீளம் சரி. ஆணி போகிற துளை பெரிது, அதற்கு உள்ளே போட வளையம் கடைந்து எடுத்தார். பழையதைப் போலில்லாமல் இவற்றைத் திறந்து எண்ணெய் மாற்றலாம், தலையில் உள்ள திருகைத் திருப்பி வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். அண்ணை சின்னப் பிள்ளை கையில் விளையாட்டுச் சாமான் கிடைத்தது போல ஆகிவிட்டார். பாரம் இழுக்கிற வண்டி, அதனால் தடித்த எண்ணெய் போட வேண்டும் என்று சொல்லித் தடித்த எண்ணெயை ஊற்றினார். ஹீட்டர் எரிகிற பட்டறையில், தேநீரும் கையுமாக, அமத்திப் பார்த்து, திருகைத் திருப்பி, மறுபடி அமத்திப் பார்த்தார். கடைசியில், ஸ்பிரிங் போடுமுன், என் கையைப் பிடித்து ஷொக்கின் தண்டில் வைத்தார். அமத்தினேன், மெதுவாக, அடக்கமாக எழும்பி வந்தது.

"ஏழையின்ரை ஸ்கூட்டருக்கு ராசாவின்ரை ஷொக்" என்றார்.

நத்தாரும் புதுவருஷமும் முடிந்து இவர் இரண்டொரு நாள் லீவில் வந்தபோது, ஷொக் இரண்டையும் குளியல் துவாயில் சுற்றி, மிளகாய்த்தூள் பைக்குப் பக்கத்தில் வைத்துப் பெட்டி கட்டிக் கொடுத்தேன். மேலே போய், அண்ணையை வீடியோவில் வைத்துக்கொண்டு பூட்டினார். "அந்த நட்டு இல்லை மச்சான், மற்றது. ஓம், உதுதான்" என்று அண்ணை இங்கிருந்து கத்தினார். மறுநாள் நான் கேட்டேன், எப்பிடி என்று.

"பஞ்சு மெத்தை" என்றார்.

அதற்கு அடுத்த நாளும் பஞ்சு மெத்தை. அதற்கடுத்த நாளும் அதே. முதுகு? "நோகேல்லை." கால்? "பிரச்சினை இல்லை." நான் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். அண்ணை கடைக்கு வந்து, கேட்கிறவனுக்கும் கேட்காதவனுக்கும் கதையைச் சொன்னார். மார்கழி தொடங்கிய பிறகு முதல் தடவையாக நான் விடியும்வரை முழித்துப் பார்க்காமல் நித்திரை கொண்டேன்.

பிறகு பாரிஸிலேயே கடுங்குளிர் வந்தது. ஒரு காலை, தலைக்கு வைக்கத் தேங்காயெண்ணெய்ச் சீசாவை எடுத்தேன். சமையல் குசினியின் ஜன்னல் ஓரத்தில் இருந்தது வெள்ளைக் கட்டியாக இறுகிப்போயிருந்தது. குளிர்காலத்தில் எங்கள் எல்லோர் வீட்டிலும் நடக்கிறதுதான். சுடுதண்ணிக் குழாய்க்குக் கீழே பிடித்து உருட்டினேன். விளிம்பில் மட்டும் உருகி, நடுவில் கட்டி சீசாவோடு ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவளுக்கு அண்ணை தேநீரை வைத்துவிட்டுத் தடித்த எண்ணெயை ஊற்றியது ஞாபகம் வந்தது. அந்தப் பட்டறையில் நான் மேல்கோட்டைக் கழற்றிவிட்டு நின்றதும் ஞாபகம் வந்தது.

அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, அந்த ஷொக்குக்கை ஊத்தின எண்ணெய் குளிருக்கு இறுகுமோ?"

சிரித்தார். "அது தேங்காயெண்ணெய் இல்லையடி விசரி."

"இறுகாதோ?"

"இறுகாது. தடிக்கும்... கொஞ்சம்."

"எவ்வளவு கொஞ்சம்? அங்கை இண்டைக்கு மைனஸ் இருபதுக்குக் கிட்ட எண்டு டெலிபோனிலை காட்டுது."

என் அண்ணை வாய் மூடினால் ஒன்றில் சாப்பிடுகிறார், அல்லது பயந்துவிட்டார். பின்னால் பட்டறையில் யாரோ சுத்தியலால் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார். ஷொக் மேட்டில் அமர்ந்தால், அடுத்த மேடு வருவதற்குள் எழும்பிவிட வேண்டும். எண்ணெய் கூழாகிவிட்டால் எழும்பாது. அடுத்த மேட்டில் இன்னும் கொஞ்சம் அமரும். இப்படி அமர்ந்து அமர்ந்து பின்பக்கம் குந்திவிடும். பின்பக்கம் குந்தினால் முன்பக்கம் தூக்கும், சறுக்குக் கட்டை பனியைப் பிடிக்காது.

"பிடிக்காட்டி?"

"ஹாண்டிலைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது" என்றார். உடனேயே, "ஓட ஓட சூடாகி எண்ணெய் இளகிடும் பிள்ளை. முதல் கொஞ்சத் தூரம்தான் பிரச்சினை" என்று சேர்த்தார். என்னை ஆறுதல்படுத்தத்தான் சொன்னார். ஆனால் அந்த முதல் கொஞ்சத் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதை நான் படத்தில் பார்த்திருந்தேன்.

இவருடைய போனுக்கு அடித்தேன். மணி போகவில்லை, நேரே அந்தப் பெண்ணின் பதிவுக் குரல். காட்டுப் பாதையில் சிக்னல் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அடித்தேன், சப்பாத்துப் போட்டபடி அடித்தேன், படி இறங்கியபடி அடித்தேன். கடையைத் திறந்து விளக்கைப் போட்டுவிட்டு, உணவகத்தின் இலக்கத்துக்கு அடித்தேன். ஒரு பிள்ளை எடுத்தாள். என் பிரெஞ்சு கடைப் பிரெஞ்சு. கிலோவும் விலையும் நன்றாகச் சொல்வேன், மதாம் மெர்சி மதாம் என்பேன். அன்று எனக்குத் தெரிந்த எல்லாச் சொல்லையும் பொறுக்கி, எண்ணெய், எண்ணெய் தடிப்பு, மிகவும் தடிப்பு, ஆபத்து என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, பயப்படாதீர்கள் மதாம், குசினியில் வேறு எண்ணெய் நிறைய இருக்கிறது என்றாள். நான் கல்லாப்பெட்டியில் தலையை வைத்தேன். திரும்ப ஸ்கூட்டர், ஸ்கூட்டர் என்று கத்தினேன். ஓ, அவர் வழமை போலக் காலையிலேயே போய்விட்டார், மத்தியானம் கடந்துதான் வருவார், வந்ததும் சொல்கிறேன் என்றாள்.

அன்று நான் கடையில் என்ன விற்றேன் என்று தெரியாது. தலைக்கு மேலே பாலத்தில் மெத்ரோ ரயில் கடந்து போகிற ஒவ்வொரு தடவையும் கடைக் கண்ணாடி அதிரும். அது எனக்குப் பழகிப்போன அதிர்வு, கணக்கெடுக்கிறதே இல்லை. அன்று ஒவ்வொரு அதிர்வும் அவருடைய இடுப்பில் விழுந்தது. ஒரு அக்கா முருங்கைக்காய் முத்தல் என்று சண்டைக்கு வந்தார். வேறு நாளாக இருந்தால் நானும் ஒரு கை பார்த்திருப்பேன், வாயில் எனக்குக் குறைவில்லை. அன்று, "ஓம் அக்கா, முத்தல்தான், வைச்சிட்டுப் போங்கோ" என்றேன். அவர் பயந்துபோய், "என்ன பிள்ளை, சுகமில்லையோ?" என்றார்.

மத்தியானம் கடையை முதலாளியிடம் விட்டுவிட்டுக் கோயிலுக்கு ஓடினேன். உள்ளே யாருமில்லை. மெழுகுதிரி எரிகிற தட்டுக்கு முன்னால் நின்று மடு மாதாவிடம் கேட்டேன். வழக்கமாக நேர்த்தி வைத்துத்தான் கேட்பேன், நீ இதைத் தந்தால் நான் இதைச் செய்வேன் என்று. அன்று கொடுக்க எதுவும் வாயில் வரவில்லை. வளைவில் திருப்பிவிடு தாயே, வளைவில் திருப்பிவிடு என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றேன். பக்கத்துத் திரியிலிருந்து ஒழுகிய மெழுகு தட்டில் விழுந்து உடனே இறுகியது, அதைக்கூடப் பார்க்கப் பயமாக இருந்தது.

கோயில் படியில் இறங்கும்போது போன் அடித்தது. அவர்தான்.

"என்னப்பா, இவ்வளவு மிஸ்ட் கோல்? ஆருக்கு என்ன?"

படியிலேயே குந்திவிட்டேன். அழுகை ஒரு பக்கம், ஏச்சு ஒரு பக்கம். எண்ணெய், குளிர், வளைவு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். "அந்த ஷொக்கோடை இனி ஒரு அடி ஓடக்கூடாது, இப்பவே கழட்டுங்கோ" என்று கத்தினேன். தெருவில் போன ஒரு மனுசன் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

"கேக்குதோ?"

"ஓம். கேக்குது" என்றார். "அது... நான் அதைக் கழட்டியிட்டனப்பா."

"எப்ப?"

"பூட்டி அடுத்த நாளே. பழசைத் திரும்பப் போட்டிட்டன்."

முதலில் எனக்கு விளங்கியது ஒன்றுதான், அவர் வளைவில் விழவில்லை. மாதாவே என்று வானத்தைப் பார்த்தேன். மற்றது பிறகுதான் மண்டையில் ஏறியது. அடுத்த நாளே கழற்றியவர் அத்தனை நாளும் எனக்குச் சொன்ன பஞ்சு மெத்தை எது? எண்ணெய் வழிந்த, செத்துப்போன அந்தப் பழைய ஷொக்கில்தான் இத்தனை நாளும் பாரம் இழுத்திருக்கிறார். டொக்டர் சொன்ன குலுக்கு ஒவ்வொரு நாளும் விழுந்திருக்கிறது. நான் நிம்மதியாகப் படுத்த ஒவ்வொரு இரவும் அவர் அங்கே புரண்டு படுக்க முடியாமல் கிடந்திருக்கிறார்.

"ஏன் கழட்டினீங்கள்?"

"முதல் நாள் காலமை வளைவிலை... திரும்பேல்லை. கொஞ்சம்தான். ஒரு சறுக்குக் கட்டை விளிம்புக்கு வெளியிலை போயிட்டுது. நான் பாறைப் பக்கம் பாய்ஞ்சு இழுத்திட்டன்."

அந்தக் 'கொஞ்சம்' அண்ணையின் 'கொஞ்சம்' போலவே இருந்தது.

"எனக்கேன் சொல்லேல்லை?"

"நீர் பயப்பிடுவீர் எண்டுதான். மச்சானும் பாவம், எவ்வளவு ஆசையாச் செய்தவர். மனம் நோவார்."

எங்கள் சனத்துக்கு இது ஒரு பழக்கம். ஊரில் போர் நடந்து செல் குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்தில் அங்கிருந்து போனில் சொல்வார்கள், இஞ்சை ஒரு பிரச்சினையும் இல்லை என்று. பின்னால் சத்தம் கேட்கும், அது மழை இடி என்பார்கள். இங்கே பட்டினி கிடந்தவன், வயிறு முட்டச் சாப்பிட்டேன் என்பான். சுகமோ என்று கேட்டால் சுகம் என்பதுதான் விடை. நானும் அப்படித்தான் வளர்ந்தேன், நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அன்று கோயில் படியில் குந்தியிருந்தபோது அது என்னைப் போட்டு உலுக்கியது. இனி இவர் நல்லா இருக்கு என்று சொன்னால் நான் எதை நம்புவது? இவருடைய எந்தச் சுகம் சுகம்? பள்ளத்துக்குப் பயந்ததைவிட அதற்கு நான் அதிகம் பயந்தேன்.

ஷொக் இரண்டையும் திருப்பி அனுப்பச் சொன்னேன். பாரிஸுக்கு வந்த ஒரு வேலையாள் மூலம் வந்து சேர்ந்தன, அதே துவாயில் சுற்றியபடி. அண்ணை வந்து மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு நின்றார். உடனே கொண்டுபோய் மெல்லிய எண்ணெய் போடுகிறேன் என்றார்.

"பொறுங்கோ" என்றேன். "முதல்லை எனக்குக் காட்டுங்கோ, அவர் என்னத்திலை ஓடினவர் எண்டு."

பட்டறைக்குப் போய் அண்ணை ஒன்றின் ஸ்பிரிங்கைக் கழற்றினார். வெறும் ஷொக்கைப் பட்டறையில் அமத்திவிட்டால் உள்ளே இருக்கும் காஸ் தானாகத் தண்டை எழுப்பும். அன்று போலவே அடக்கமாக எழும்பியது. அதை மூன்று பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுகக் கட்டி, கடைக்குக் கொண்டுவந்து மீன் ஐஸ்பெட்டிக்குள் வைத்தேன். மலையின் குளிர் லா சப்பலில் வேறெங்கே கிடைக்கும்? முதலாளி, "பிள்ளை, உது மீன் பெட்டி, கராஜ் இல்லை" என்றார். நான் பார்த்த பார்வையில் பேசாமல் மிளகாய் மூட்டைப் பக்கம் போய்விட்டார். இறால் எடுக்க வந்த ஒரு கிழவி பையைத் தூக்கிப் பார்த்து, "இதென்ன மீன் தங்கச்சி, இரும்பாக் கிடக்கு?" என்றார். "அது விக்கிறதுக்கில்லை அம்மா" என்று வாங்கி வைத்தேன்.

அடுத்த நாள் அண்ணை வந்ததும் ஐஸ்பெட்டி மூடியைத் திறந்து, பைக்குள்ளிருந்து வெளியே எடுத்தேன். கை ஒட்டியது. நிலத்தில் குத்தி நிறுத்தி இருவருமாக அமத்தினோம். உள்ளே போனது. கையை எடுத்தோம். தண்டு எழும்பவில்லை.

பார்த்துக்கொண்டு நின்றோம். நான் வளைவை நினைத்தேன். அவர் ஹாண்டிலைத் திருப்புகிறார், இது இப்படியே குந்தியிருக்கிறது. பிறகு மெல்ல, பூசைக்கு எழுப்பிவிட்ட பிள்ளை போல, ஒரு நூலளவு எழும்பி நின்றது, இன்னொரு நூலளவு எழும்பியது. அண்ணை அரிசி மூட்டையில் இருந்துவிட்டார். முகத்தை இரண்டு கையாலும் தேய்த்தார்.

"நான் மச்சானைக் கொன்றிருப்பன் பிள்ளை" என்றார்.

எனக்கு ஏச வரவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அந்த ஐஸ்பெட்டிதான் அண்ணையின் பட்டறை. மெல்லிய எண்ணெய் போட்டு, காஸ் அடைத்துக் கொண்டுவருவார், நான் இறாலுக்குப் பக்கத்தில் படுக்க வைப்பேன், மறுநாள் எடுத்து அமத்துவோம். முதல் தடவை இன்னும் சோம்பல். இன்னும் மெல்லியதைப் போட்டார். இப்போது வேகமாகத் துள்ளி எழும்பியது, அதுவும் கூடாதாம், ஆளைத் தூக்கி எறியும். தலையிலுள்ள திருகைக் கொஞ்சம் இறுக்கினார். பழைய பெருமையெல்லாம் போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் அமத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையாட்டும் வரைக்கும் பையில் போடமாட்டார். கடைசியில் ஒருநாள், ஐஸ் பூத்த தண்டு அமர்ந்து, தயங்காமல், துள்ளாமல் எழும்பி வந்தது. இரண்டு பேரும் திரும்பத் திரும்ப அமத்திப் பார்த்தோம். அப்போதும் பயம் போகவில்லை. ஐஸ்பெட்டிக்குள் வளைவு இல்லையே.

மேலே அனுப்பினோம், இவர் மறுபடியும் பூட்டினார். எண்ணெய் தடித்திருக்கும் நேரத்தில், சாமான் வண்டி கொழுவாமல், உணவகத்துக்கு முன்னால் உள்ள சமதரையில் வட்டம் ஓடிப் பார்க்கும்படி அண்ணை கட்டளை போட்டார். ஓடினார். திரும்புகிறது என்றார். அவர் சொல்வதை நம்புகிற பழக்கம் எனக்கு விட்டுப்போயிருந்தது.

அந்த ஷொக்கோடு வளைவில் ஓடப்போகிற முதல் நாள், கொட்டகையிலிருந்து போன் எடுத்தார். நான் கடைக்குள் ஐஸ்பெட்டிப் பக்கம் நின்றேன்.

"எப்பிடி முதுகு?" என்று கேட்டேன்.

"பஞ்..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"நோகுது" என்றார். "இடப்பக்கம், இடுப்புக்குக் கீழை. இருந்து எழும்பேக்கை கூட. பெருவிரல் இன்னும் விறைப்புத்தான். முந்தின கிழமை குசினியிலை ஒருக்கா கால் மடங்கினது."

கல்யாணம் முடித்து இத்தனை வருஷத்தில் அவர் எனக்கு நோகுது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ஒவ்வொன்றும் ஊசி போல இறங்கியது. ஆனாலும் அவர் இன்னும் சொல்ல வேண்டும் போல இருந்தது. சீசன் முடிய ஒப்பரேசனுக்கு நாள் கேட்போம் என்றேன். கேட்போம் என்றார்.

"நீர் எப்பிடி?" என்று கேட்டார்.

சுகம் என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கினேன்.

"பயமாக் கிடக்கப்பா" என்றேன். "ஒவ்வொரு நாளும் பயமாக் கிடக்கு."

தலைக்கு மேலே மெத்ரோ போனது, கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.

"எனக்கும்தான்" என்றார். "அந்த வளைவு வரேக்கை ஒவ்வொரு நாளும். போனைப் பொக்கெற்றுக்கை வைக்கிறன். நீர் கட் பண்ணாதையும்."

எஞ்சின் எழும்பியது. பனியை அரைக்கிற சத்தம், மேடு, மேடு, அதோடு அவருடைய மூச்சு. முன்பு கேட்காத ஒரு முனகல் ஒவ்வொரு மேட்டிலும் கேட்டது, அதை அவர் மறைக்கவில்லை. பிறகு வளைவு வந்திருக்க வேண்டும், சிக்னல் அறுந்தது. ஒரு அக்கா கூடையோடு வந்து அறக்குளா இருக்கோ என்று கேட்டார். கீழேயிருந்து அவர் திரும்பப் போன் எடுக்கும்வரைக்கும் நான் ஐஸ்பெட்டி மூடியில் கையை வைத்தபடி, அதைத் திறக்காமல் நின்றேன்.